உஷார்! ஈர மூலைக்கு வண்ண வில்லோ வேண்டாம்

வீட்டுக்குப் பின்னால், பீலிக்குக் கீழே, கான் வந்து முடிகிற இடத்தில் எப்போதும் சதசதவென்று ஒரு மூலை இருக்கிறதா? எது நட்டாலும் அழுகிப் போகிறதா? அப்படியென்றால் இந்த எச்சரிக்கை உங்களுக்குத்தான். ஈரத்துக்கென்றே பிறந்த செடி, வண்ண வண்ணமாக இலை விடும் என்று சொல்லி யாராவது வில்லோ (willow) என்ற வெளிநாட்டுச் செடியின் குச்சியை நீட்டினால் வாங்காதீர்கள். வாங்கியிருந்தால் நடாதீர்கள். நட்டிருந்தால் வேரோடு பிடுங்கி, சீமெந்துத் தரையில் போட்டு நன்றாகக் காயவைத்து எரித்துவிடுங்கள். கானிலோ ஓடையிலோ மட்டும் வீசிவிடாதீர்கள்.

அந்தச் செடியின் பெயர் ஹகுரோ நிஷிகி. ஜப்பான், கொரியா, வடகிழக்குச் சீனா பக்கங்களில் வளரும் ஒரு புதர் வில்லோவிலிருந்து தேர்ந்தெடுத்த தோட்டச் செடி அது. தளிர் இளஞ்சிவப்பாக வரும், பிறகு வெளுக்கும், கடைசியில் பச்சை இலையில் வெள்ளை தெளித்தது போல நிற்கும். தூரத்தில் நின்று பார்த்தால் செடி முழுக்கப் பூத்திருக்கிறது என்றுதான் நினைப்போம். அத்தனையும் இலை. பிரித்தானியாவின் அரச தோட்டக்கலைச் சங்கம் இதற்குச் சிறப்பு விருதே கொடுத்திருக்கிறது. லண்டனிலோ டொரொண்டோவிலோ இருக்கிற பிள்ளை வீட்டு முன்றலில் நின்று படம் அனுப்பினால், பின்னால் இந்தச் செடி நின்றால், யாருக்கும் ஆசை வரும். ஆசைப்படுவதில் தப்பில்லை. ஆனால் அது ஊவா மலைச்சரிவுக்கு ஏற்ற செடி இல்லை.

முதலில், ஆசைப்பட்ட அந்த நிறமே இங்கே சரியாக வராது. குளிர்காலத்தில் இலையெல்லாம் கொட்டி, செடி ஓய்ந்து கிடந்து, வசந்தத்தில் ஒரேயடியாகத் தளிர்க்கும்போதுதான் அந்த இளஞ்சிவப்பு. பதுளை நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. பண்டாரவளையும் ஹப்புத்தளையும் அதைவிட உயரம், குளிரும் அதிகம். ஆனாலும் செடி மாதக்கணக்கில் உறங்குகிற குளிர்காலம் இங்கே எங்கும் இல்லை. வெயில் ஏறினால் வெள்ளை இலை கருகும். இடையில் முழுப்பச்சைக் கிளை ஒன்று கிளம்பினால் உடனே வெட்ட வேண்டும். விட்டால் அதுவே செடியைப் பிடித்துக்கொள்ளும். நிறம் போய்விடும், வில்லோவின் வேர் மட்டும் மிஞ்சும்.

ஒரு குச்சி போதும்

வில்லோவுக்கு விதை தேவையில்லை. விரல் நீளக் குச்சியை ஈர மண்ணில் குத்தினால் சில வாரங்களில் வேர் பிடித்துவிடும். ஒடிந்து தண்ணீரில் போன கிளையும் கரை ஒதுங்கிய இடத்தில் வேர் விடும். நியூசிலாந்தில் ஆற்றோரங்களைப் பிடித்த முறிவில்லோ (crack willow) மரங்கள் கிட்டத்தட்ட எல்லாமே ஆண் மரங்கள். விதையே இல்லாமல், ஒடிந்த கிளைகளாலேயே அவை அத்தனை தூரம் பரவின. அவுஸ்திரேலியாவில் ஆற்றங்கரை அரிக்கக்கூடாது என்று அரசாங்கமே ஒரு காலத்தில் வில்லோக்களை நட்டது. 1999இல் அதே நாடு வில்லோக்களைத் தேசிய முக்கியத்துவம் பெற்ற களைகளின் பட்டியலில் சேர்த்தது. மூன்றே மூன்று வகைகளுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தது. இந்த வண்ண வில்லோ அந்த மூன்றில் இல்லை.

நம்முடைய தோட்டங்களில் கான் ஓடைக்குப் போகிறது, ஓடை பதுளு ஓயாவுக்கோ உமா ஓயாவுக்கோ போகிறது, இரண்டும் மகாவலியில் சேர்கின்றன. மேட்டு லயத்தில் ஒருவர் கத்தரித்துப் போட்ட கிளை, மழைக்குப் பணிய லயத்துக் கானில் போய் நிற்க ஒரு ராத்திரி போதும்.

அழகுக்கென்று வந்து தொல்லையாக முடிந்த செடிகள் நமக்குப் புதிதல்ல. உண்ணிச்செடி 1826இல் பேராதனைப் பூங்கா வழியாகத்தான் வந்தது. றோட்டோரமெல்லாம் மஞ்சளாய்ப் பூக்கும் காட்டுச் சூரியகாந்தியும் தோட்ட அழகுக்கு வந்ததுதான். ஓஹியவுக்கு மேலே ஹோட்டன் சமவெளியில் வெள்ளைக்காரர் ஊர் நினைவுக்கு வைத்த முட்புதரை இன்றும் ஆள் போட்டு வெட்டிக்கொண்டிருக்கிறார்கள். 1905இல் வந்த ஆகாயத்தாமரைக்கு நான்கே ஆண்டுகளில், 1909இல், தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது. சட்டம் போட்டும் அது இன்னும் குளங்களில் மிதக்கிறது.

குச்சியோடு வருவது குச்சி மட்டுமில்லை என்பதையும் யோசியுங்கள். மடுல்சீமைக்காரர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இலங்கையின் கோப்பியை அடியோடு அழித்த இலைத்துரு நோய் 1869இல் முதலில் கவனிக்கப்பட்டது மடுல்சீமையில்தான். இருபது ஆண்டுகளில் கோப்பிக் காலமே முடிந்து போனது. தேயிலையின் கொப்புள நோய் 1946இல் இங்கே வந்தது, அதற்கு இன்றுவரை மருந்தடிக்கிறோம். தேயிலைக் கொம்பைத் துளைத்து ஒடிய வைக்கும் ஷொட் ஹோல் போரர் வண்டு தெரியுமல்லவா? அதன் நெருங்கிய சொந்தக்கார வண்டு ஒன்று கலிபோர்னியாவின் தியுவானா ஆற்றுப் பள்ளத்தாக்கில் 2015இல் பல்லாயிரம் வில்லோ மரங்களைத் துளைத்து நாசமாக்கியது. அந்தக் கூட்டத்து வண்டுகளுக்கு வில்லோ என்றால் அத்தனை விருப்பம். தேயிலை மலைக்குப் பக்கத்தில் அவற்றுக்கு இன்னொரு வீடு கட்டிக் கொடுப்பானேன்?

இதற்காகத்தான் 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. விவசாயத் திணைக்களத்தின் அனுமதியும், அனுப்பும் நாட்டின் தாவரச் சுகாதாரச் சான்றிதழும் இல்லாமல் நடுகைப் பொருள் எதையும் நாட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. பெட்டிக்குள் துணியில் சுற்றி வைத்த நாலு குச்சியும் இதில் அடங்கும். கட்டுநாயக்கவில் தாவரத் தொற்றுக்காப்பு அதிகாரிகள் இருப்பது நம்மைத் தொந்தரவு செய்ய அல்ல, நம் தேயிலையையும் மரக்கறியையும் காப்பாற்ற. வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தங்களிடம் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

பீலித் தண்ணீர் யாருக்கு?

ஊவாவுக்குப் பெருமழை ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை. ஜூனிலிருந்து செப்டெம்பர் வரை காய்ந்த காற்று அடிக்கிறது. ஊவாத் தேயிலைக்குப் பேர்பெற்ற வாசத்தைத் தருவது அந்தக் காற்றுதான், பீலித் தண்ணீரை மெலிய வைப்பதும் அதே காற்றுதான். மார்கழியில் சேறாய்க் கிடக்கிற மூலை ஆவணியில் காய்ந்து வெடிக்கும். வில்லோ மழைக்காலத்தில் மட்டும் குடிக்கிற செடியில்லை. மேலே ஈரம் போனால் வேர் ஈரம் இருக்கிற பக்கம் தேடிப் போகும். லயத்துக்கு மேலே ஈரம் இருக்கிற இடம் எது? ஊற்றுக்கண்தான்.

அவுஸ்திரேலியாவின் அரச ஆய்வு நிறுவனமான சீஎஸ்ஐஆர்ஓவின் ஆய்வாளர்கள், வில்லோ எவ்வளவு தண்ணீர் குடிக்கிறது என்பதை அளந்து பார்த்திருக்கிறார்கள். ஓடைப் படுகைக்குள் நிற்கும் வில்லோக்களை அகற்றினால், மரக்கிளைகள் விரிந்து மூடும் ஒவ்வொரு ஹெக்டேயருக்கும் ஆண்டுக்கு 55 இலட்சம் லீற்றர் தண்ணீர் மிச்சமாகும் என்று கண்டார்கள். அவை பெரிய மரங்கள். ஹகுரோ நிஷிகி புதர், அதன் பங்கு சிறியது. ஆனால் ஒரு பீலியை நம்பி இருபது குடும்பம் இருக்கிற இடத்தில் சிறிய பங்கும் பெரிய இழப்பு. உமா ஓயாச் சுரங்கம் தோண்டியபோது பண்டாரவளைப் பக்கத்தில் கிணறுகளும் ஊற்றுகளும் வற்றி மக்கள் பட்ட பாட்டைப் பார்த்த நாம், ஊற்றுக்கண்ணில் ஒரு செடியைக் கூட யோசித்துத்தான் வைக்க வேண்டும்.

கானும் குழாயும்

வில்லோவின் வேர் தண்ணீரைத் தேடும் வேர். மூட்டு விட்ட குழாய், வெடித்த கான், மலசலகூடக் குழி, எங்கே கசிவு இருக்கிறதோ அங்கே நுழையும். நுழைந்த பிறகு நார் நாராகப் பிரிந்து பாதையை அடைக்கும். பிரித்தானியாவில் காப்புறுதி நிறுவனங்கள் வளர்ந்த வில்லோ மரத்துக்கும் வீட்டுக்கும் இடையே 40 மீற்றர் இருக்க வேண்டும் என்று ஒரு கணக்கு வைத்திருக்கின்றன. புதர் வகைக்கு அவ்வளவு தூரம் தேவைப்படாது. ஆனால் நம்முடைய நிலத்தையும் பாருங்கள். தோட்ட வீட்டுக்குக் கொடுத்த 7 பேர்ச் காணி ஏறத்தாழ 177 சதுர மீற்றர். சதுரமாக இருந்தால் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் பதின்மூன்று மீற்றர் சொச்சம். அதற்குள் வீடு, குழி, குழாய், கான் எல்லாம் அடங்க வேண்டும். வில்லோவை எங்கே வைத்தாலும் ஏதாவது ஒன்றின் தலைமாட்டில்தான் வைக்க முடியும்.

தோட்டத்தில் கான் வெட்டுகிற வேலை சும்மா ஏற்பட்டதில்லை. மலையில் விழுகிற மழை மண்ணுக்குள் இறங்கித் தங்காமல் ஓடிப் போக வேண்டும் என்றுதான் நம் பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து குறுக்குக் கான் வெட்டி, வண்டல் அள்ளி வந்தார்கள். கான் அடைபட்டால் தண்ணீர் நிற்காது, மண்ணுக்குள் போகும். மண்ணுக்குள் போகிற தண்ணீர்தான் மலையை இறக்குகிறது.

ஈரம் சொல்கிற சேதி

எல்லாவற்றிலும் பெரிய உஷார் இதுதான். சரிவில் இருக்கிற ஈர மூலையைப் பார்த்தால் என்ன செடி வைக்கலாம் என்று கேட்காதீர்கள். இந்த ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள்.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியது. அது ஆபத்தான இடம் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் சொல்லியிருந்தது. மக்கள் அங்கேயேதான் இருந்தார்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் கொட்டிய மழையில் மலையகம் முழுக்க மண் சரிந்தது. மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் பதுளையும் ஒன்று. இவ்வளவுக்குப் பிறகும் சுவரோரத்து ஈரத்தை அழகுச் செடி வைத்து மறைப்பது தகுமா?

முன்பு காய்ந்திருந்த இடம் திடீரென்று ஊறுகிறதா? புதிதாக ஓர் ஊற்று கிளம்பியிருக்கிறதா? தெளிவாக வந்த பீலித் தண்ணீர் சேறாக வருகிறதா, அல்லது பட்டென்று நின்றுவிட்டதா? தரையிலோ சுவரிலோ வெடிப்பு விரிகிறதா? மரமும் மின்கம்பமும் சாய்கின்றனவா? கதவு இறுகி மூட முடியாமல் போகிறதா? இவையெல்லாம் மண் நகரத் தொடங்கிவிட்டதற்கான அறிகுறிகள். ஒரு புதர் அந்த ஊறலை மறைத்து நின்றால் இந்தச் சேதி உங்கள் கண்ணில் படாது.

வில்லோ வேர் மண்ணைப் பிடிக்குமே என்று சிலர் சொல்வார்கள். மேல்மண்ணைப் பிடிக்கும், உண்மை. மீரியபெத்தையில் இறங்கியது மேல்மண் மட்டுமில்லை, மலையின் ஒரு பக்கமே. அந்த ஆழத்துக்கு எந்தப் புதரின் வேரும் போகாது.

சரி, என்ன செய்யலாம்?

முதல் வேலை, ஈரத்தின் காரணத்தைப் பிடியுங்கள். மேலே உடைந்த குழாயா, அடைபட்ட கானா, அண்டை வீட்டுக் கழிவுநீரா, இல்லை ஊற்றா? குழாயும் கானும் என்றால் திருத்துங்கள். தோட்டக் கான் என்றால் தோட்டத் தலைவர் மூலம் நிர்வாகத்துக்கு எழுத்தில் கொடுங்கள், ஒரு பிரதியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். புது ஊறலோ வெடிப்போ என்றால் கிராம உத்தியோகத்தருக்குச் சொல்லுங்கள், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117ஐ அழையுங்கள். மழை நாளில் ஒரு நேர்ச்சுவர்ப் போத்தலை வெட்டவெளியில் வைத்து அளந்து பாருங்கள். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் விழிப்பு, 100 தாண்டினால் புறப்படத் தயார், 150 தாண்டினால் வெளியேறிவிட வேண்டும். ஒரு மணித்தியாலத்திலேயே 75 விழுந்தாலும் வெளியேற்றம்தான்.

காரணம் தெரிந்து, ஆபத்தில்லை என்று உறுதியான பிறகு அந்த ஈரத்தைப் பயன்படுத்துங்கள். சமதரையில் வல்லாரை போடலாம், கங்குங் கீரை போடலாம், சேம்பு வைக்கலாம். சட்டிக்கு வருகிற செடிக்கு மேல் அழகு எது? நிறம்தான் வேண்டும் என்றால் கல்வாழை இருக்கிறது, சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்கும், ஈரத்தைத் தாங்கும். அதையும் வேலிக்குள் வைத்து, கிழங்கை ஓடைப்பக்கம் போட்டுவிடாமல் பாருங்கள். சரிவின் விளிம்புக்கு வெட்டிவேர் நல்லது, தோட்டங்களில் மண்ணரிப்பைத் தடுக்க அதை வரிசையாக நடுவது பழகிய முறை. வண்ண இலைக்குக் குரோட்டன் போதும், ஈரமில்லாத பக்கத்தில் வையுங்கள். எந்தச் செடியிலும் சந்தேகம் என்றால் விவசாயத் திணைக்களத்தின் 1920ஐ அழைத்துக் கேளுங்கள், அல்லது உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரைப் பிடியுங்கள்.

இதைப் படித்த கையோடு வெளியே போய் அந்த மூலையைப் பாருங்கள். மேலே இருக்கிற கானையும் பாருங்கள். வெளிநாட்டுச் சொந்தங்களுக்கு இன்றைக்கே சொல்லுங்கள், குச்சியும் வேண்டாம், வேரும் வேண்டாம், அங்கத்து மண் ஒரு பிடியும் வேண்டாம். ஒக்டோபர் மழைக்கு முன் கானைத் துப்புரவாக்குங்கள், அது வில்லோவைவிட உங்கள் வீட்டுக்கு ஆயிரம் மடங்கு நல்லது.