நெசவு 'நசெவு' ஆன கதை

எங்க ஊர் திருப்பருத்திக்குன்றம். காஞ்சிபுரத்தை ஒட்டி, வேகவதிக் கரையில் இருக்கிறது. சமணக் கோயிலின் விதான ஓவியங்களுக்காகச் சிலர் கேள்விப்பட்டிருக்கலாம். சித்தப்பா இங்கே சின்னதாகப் பட்டுப்புடவை வியாபாரம் செய்கிறார். 2022 தொடக்கத்தில் அவருக்கு ஒரு சின்ன பைத்தான் நிரல் எழுதிக் கொடுத்தேன். ஒவ்வொரு புடவைக்கும் எண், நிறம், விலை போட்டு, கீழே 'அசல் பட்டு நெசவு, திருப்பருத்திக்குன்றம்' என்று ஒரு அட்டை அச்சாகும். அவ்வளவுதான்.

நான் எழுதியது அறுபது வரி இருக்கும். படத்தில் எழுத்தை வரையும் உண்மையான வேலையைச் செய்தது பில்லோ என்ற நிரலகம். அதை நிறுவச் சொல்லி, தேவைப்பட்டியல் கோப்பில் 'பில்லோ' என்று ஒரே வரி. எந்தப் பதிப்பு என்று எழுதவில்லை. வேறு எதையும் எழுத வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

2023 கடைசியில் கடையில் இருந்த பழைய லினக்ஸ் மடிக்கணினி படுத்துவிட்டது. புதிதாக ஒரு விண்டோஸ் கணினி வாங்கினார். எல்லாவற்றையும் மறுபடி நிறுவினோம். நிரல் ஓடின உடனே பிழை காட்டி நின்றது. எழுத்தின் அகல உயரத்தை அளக்க நான் பயன்படுத்திய 'டெக்ஸ்ட்சைஸ்' என்ற செயல்பாடு பில்லோவில் இப்போது இல்லையாம். தேடிப் பார்த்தால், 2022 ஜூலையில் வந்த 9.2 பதிப்பிலேயே 'இது போகப் போகிறது' என்று எச்சரித்திருக்கிறார்கள். 2023 ஜூலையில் வந்த 10.0 பதிப்பில் எடுத்தே விட்டார்கள். நான் பதிப்பு எண் எழுதாததால் புதுக் கணினியில் புதுப் பதிப்பு வந்து உட்கார்ந்துவிட்டது. பத்து நிமிடத்தில் மாற்று வழி போட்டேன். பிழை இல்லாமல் ஓடியது. சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அச்சான அட்டையைப் பார்க்கவில்லை.

நாலு நாள் கழித்து போன். "நூத்தி இருபது அட்டை அடிச்சு புடவையில கட்டியாச்சுடா. பையன் அடிச்சான், நானும் கவனிக்கல. கல்யாண வீட்டுக்காரங்க பாத்துட்டு, 'பட்டு நெய்யறவருக்கு நெசவுன்னு எழுதத் தெரியாதா'ன்னு கேக்கறாங்க."

போலிச் சரிகை, விசைத்தறிப் புடவை எல்லாம் அசல் என்று சொல்லி விற்கிற காலம். புடவையை எடுத்துப் பார்க்கும் ஆளுக்கு அந்த அட்டையும் ஒரு சாட்சி. அதில் 'நசெவு' என்று இருந்தால் புடவை மேலேயே சந்தேகம் வரும்.

ஏன் அப்படி ஆனது? யூனிகோடில் 'நெ' என்பது ந முதலில், கொம்பு அடுத்து என்று சேமிக்கப்படுகிறது. திரையிலோ தாளிலோ கொம்பு முன்னால் வர வேண்டும். அந்த இடமாற்றத்தையும், 'வு', 'ரு', 'கு' போன்ற எழுத்துகளில் உகரத்தைச் சேர்த்து ஒரே வடிவமாக்குவதையும் செய்ய ஹார்ஃப்பஸ் என்ற இன்னொரு நிரலகம் வேண்டும். பில்லோ அதை நேராகக் கூப்பிடுவதில்லை, ராக்ம் என்ற நிரலகம் வழியாகக் கூப்பிடுகிறது. ராக்முக்கு ஹார்ஃப்பஸோடு ஃப்ரீபைடி என்று ஒன்றும் தேவை. அரபு, ஹீப்ரு மாதிரி வலமிருந்து இடமாக எழுதும் மொழிகளுக்கான நிரலகம் அது.

சிக்கல் இங்கேதான். பிப் கொண்டு வந்த பில்லோவுக்குள் ராக்மும் ஹார்ஃப்பஸும் இருந்தன. ஃப்ரீபைடி மட்டும் இல்லை. அது கணினியில் ஏற்கனவே இருந்தால் எடுத்துக்கொள்ளும். என் லினக்ஸில் வேறு மென்பொருள்களுக்காக அது முன்பே இருந்தது. விண்டோஸில் இல்லை. ஃப்ரீபைடி இல்லையென்றால் ராக்ம் இயங்காது. ராக்ம் இல்லையென்றால் பில்லோ பிழை காட்டாமல், எழுத்துகளைச் சேமித்த வரிசையிலேயே ஒவ்வொன்றாக வரைந்துவிடும். கொம்பு ந-வைத் தாண்டிப் போய் ச-வுக்கு முன்னால் நின்றது. இடமிருந்து வலமாக மட்டுமே எழுதும் தமிழ், அரபுக்கான ஒரு நிரலகம் இல்லாததால் உடைந்தது!

2016 மார்ச்சில் ஜாவாஸ்கிரிப்ட் உலகத்தில் லெஃப்ட்பேட் என்ற 11 வரி நிரலகத்தை அதன் ஆசிரியர் விலக்கிக்கொண்டார். அதை நம்பியிருந்த ஏராளமான திட்டங்கள் கட்டமுடியாமல் நின்றன. ஆனால் சத்தம் போட்டு நின்றதால் சில மணி நேரத்தில் சரிசெய்தார்கள். 'டெக்ஸ்ட்சைஸ்' பிழையும் அந்த வகைதான். சத்தமே போடாமல் தப்பாக வேலை செய்யும் சார்புதான் 120 அட்டை வரை கொண்டுபோய் விடுகிறது.

சித்தப்பாவிடம் விளக்கினேன். "நீ எதையும் மாத்தலைன்ற, அப்புறம் எப்படிடா மாறுச்சு?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார்: "பாதிப் புடவையில பட்டு தீந்து போயி, மறுபடி சாயம் போட்டு வாங்குற மாதிரி. அதே அரக்குன்னுதான் சொல்லிக் குடுப்பான். நெஞ்சு பாத்தாதான் கோடு தெரியும்." எனக்கு இதைவிட நன்றாகச் சொல்லத் தெரியாது. அதே பெயர் என்பதால் அதே பொருள் ஆகிவிடாது.

இப்போது என்ன செய்கிறேன்? ஒன்று, பெயரோடு பதிப்பு எண்ணையும் எழுதுகிறேன். 'பிப் ஃப்ரீஸ்' கட்டளை நிறுவியிருக்கும் எல்லாவற்றையும் எண்ணோடு பட்டியல் போட்டுக் கொடுத்துவிடும். இரண்டு, பிப்புக்குத் தெரியாத, இயங்குதளத்திலிருந்து வரவேண்டியவற்றைத் தனியாக எழுதி வைக்கிறேன். ஃப்ரீபைடி அந்தப் பட்டியலில் முதல் பெயர். மூன்று, நிரல் தொடங்கும்போதே 'ராக்ம் இருக்கிறதா' என்று பில்லோவிடம் கேட்கிறேன். இல்லையென்றால் அட்டை அடிக்காமல், காரணம் சொல்லி நின்றுவிடும்.

பதிப்பைப் பூட்டிவிட்டு அப்படியே மறந்துவிடவும் கூடாது. 2023 செப்டம்பரில் வெப்பி படவடிவத்துக்கான நிரலகத்தில் பெரிய பாதுகாப்பு ஓட்டை வெளிவந்தது. பில்லோ அதையும் உள்ளே வைத்திருந்ததால் உடனே 10.0.1 பதிப்பை வெளியிட்டார்கள். பழைய எண்ணில் பூட்டி வைத்தவர்களுக்கு அந்த ஓட்டை அப்படியே இருந்திருக்கும். அதனால் சில மாதத்துக்கு ஒருமுறை நானே உட்கார்ந்து, மாற்றக்குறிப்பைப் படித்து, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் ஏற்றுகிறேன். ஏற்றியதும் ஒரே ஒரு அட்டை அடித்து, அதைச் சித்தப்பா கண்ணாடி போட்டுப் படித்துவிட்டு "சரி" என்று சொன்ன பிறகுதான் மற்றவை.

தமிழில் படம், ரசீது, அழைப்பிதழ் உருவாக்கும் நிரல் உங்களிடம் இருந்தால், வேறொரு கணினியில் 'நெசவு' என்று ஒருமுறை அச்சிட்டுப் பாருங்கள்.