பெட்டைப் பூனைக்குக் கருத்தடை

திருப்பாச்சூர் போன்ற நெல் விளையும் ஊர்களில் எலியை அடக்கப் பூனை வேண்டும். ஆனால் அளவோடு வேண்டும். குட்டிகளைச் சாக்கில் கட்டி வெளியூரில் விடுவதால் பயனில்லை. எலியும் எச்சில் இலையும் உள்ள இடத்துக்கு வேறு பூனைகள் வந்து சேரும்.

பெட்டை ஐந்தாறு மாதத்திலேயே பருவத்துக்கு வரும். சினைக்காலம் சுமார் 65 நாள். குட்டிக்குப் பால் கொடுக்கும்போதே மறுபடியும் சினைப்படும். கடுவனை மட்டும் பிடித்தால் போதாது. தப்பிய ஒரு கடுவனே தெருவை நிறைத்துவிடும்!

சென்னையில் புளூ கிராஸ் அமைப்பு 1964-இல் தெரு நாய்களுக்குத் தொடங்கிய கருத்தடை முறை பூனைக்கும் ஏற்றதே. கால்நடை மருத்துவரிடம் முன்கூட்டியே நாள் கேட்டுக்கொண்டு, கருவாடு வைத்த கூண்டில் பிடித்து, கூண்டைத் துணியால் மூடிக் கொண்டுசெல்லவேண்டும். அறுவையின்போதே வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, அடையாளமாகக் காது நுனியைச் சிறிது கத்தரித்துவிடுவார்கள். தேறியபின் பிடித்த இடத்திலேயே விடவேண்டும்.

துத்தநாக பாஸ்பைடு வைப்போர் செத்த எலிகளை உடனே ஆழப் புதைக்கவும். அவற்றைத் தின்னும் பூனையும் சாகக்கூடும்.