கண் சதை அறுவைக்குப் பின் வலி இல்லையென்று அலட்சியம் வேண்டாம்

காசிமேட்டில் கடலுக்குச் செல்வோர், துறைமுகத் தொழிலாளர்கள், எண்ணூர் சாலையில் லாரி ஓட்டுவோர் என வெயிலிலும் தூசியிலும் உழைக்கும் பலர் நம் குடும்பங்களில் இருக்கிறார்கள். வெள்ளை விழியிலிருந்து கருவிழி மேல் சதை படரும் 'டெரிஜியம்' இத்தகையோருக்கே அதிகம் வருகிறது.

அறுவை சிகிச்சையில் அச்சதையை அகற்றி, பெரும்பாலும் அதே கண்ணிலிருந்து எடுத்த மெல்லிய சவ்வை அங்கே பொருத்துகிறார்கள். சதை மீண்டும் வளரும் வாய்ப்பு இதனால் குறைகிறது.

கருவிழி, உணர்வு நரம்புகள் மிக அடர்ந்த உறுப்பு. சதை படர்ந்த இடத்தில் உணர்வு முன்பே மங்கியிருக்கலாம்; அறுவையிலும் சில நுண்நரம்புகள் அறுபடும். மேற்புண் சில நாட்களில் ஆறினாலும், நரம்புகள் மீண்டும் வளர மாதங்கள் ஆகலாம். உணர்வு குறைந்தால் இமைப்பதும் கண்ணீரும் குறையும். தூசி விழுந்தாலும் உறுத்தாது.

எனவே வலியை மட்டும் அளவுகோலாகக் கொள்ளாமல், சிவப்பு கூடுதல், பார்வை மங்கல், சீழ், வெளிச்சத்தில் கூச்சம் ஆகியவற்றைக் கண்டால் உடனே மருத்துவரிடம் செல்வோம். 1819-இல் தொடங்கிய எழும்பூர் அரசு கண் மருத்துவமனை நமக்கு அருகிலேயே உள்ளது.

ஸ்டீராய்டு சொட்டு மருந்தை நாமாக வாங்கி நீட்டித்தால் கண் அழுத்தம் உயரக்கூடும். புண் ஆறும்வரை சுர்மா வேண்டாம். ஒளூவின்போது கண்ணில் தண்ணீர் படலாமா என்பதையும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வோம். வேலைக்குத் திரும்பும்போது கண்ணாடி அணிவது அவசியம்.