பாட்டியின் மொழி பேரனுக்கு எட்டாமற் போவது ஏன்?

கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்தில், ஆங்கிலேயர் 1690ஆம் ஆண்டில் விலைக்கு வாங்கிய புனித டேவிட் கோட்டை இருந்தது. இப்பகுதி அடங்கிய பழைய தென்னார்க்காடு மாவட்டத்திலிருந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டில் பலர் ஒப்பந்தக் கூலிகளாகத் தென்னாப்பிரிக்காவிலுள்ள நேட்டாலுக்குச் சென்றனர். சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்னும் முதற் கப்பல், 1860 நவம்பர் 16ஆம் நாள் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. 1911 வரை இந்தியாவிலிருந்து அங்குச் சென்றோர் ஏறத்தாழ 1,52,000 பேர்.

ஒவ்வொருவரின் பெயர், தந்தை பெயர், வயது, ஊர், மாவட்டம் ஆகியவை கப்பல் பதிவேட்டில் எழுதப்பட்டன. இன்று அவர்களுடைய கொள்ளுப்பேரர்கள் அதைப் பார்த்து மூதாதையரின் ஊரைத் தேடுகின்றனர். ஊர்ப்பெயர் கிடைக்கிறது, ஆனால் அவ்வூரின் மொழி அவர்களுள் பெரும்பாலோருக்குத் தெரியாது. இஃது எவ்வாறு நேர்ந்தது?

மூன்று தலைமுறைக் கணக்கு

குடியேறிய குடும்பங்களில் மொழி பெரும்பாலும் மூன்றே தலைமுறைகளில் மறைகிறது. முதல் தலைமுறை தாய்மொழி பேசும். இரண்டாவது தலைமுறைக்கு இரு மொழிகளும் தெரியும். மூன்றாவது தலைமுறைக்குப் புதிய நாட்டு மொழி மட்டுமே வரும்.

நேட்டாலில் இதற்கு ஏறத்தாழ நூறாண்டுகள் பிடித்தன. கரும்புத் தோட்டங்களில் தமிழர் ஒருங்கே வாழ்ந்ததும், புதிய கப்பல்கள் தொடர்ந்து வந்ததும் தமிழைக் காத்தன. 1911க்குப் பின் கப்பல்கள் நின்றன. பள்ளிகளில் ஆங்கிலம் நிலைத்தது. அண்ணனும் அக்காளும் பள்ளியில் கற்ற ஆங்கிலத்தை வீட்டுக்குக் கொண்டுவர, தம்பி தங்கையர் அதிலேயே வளர்ந்தனர். 1960களில் பல வீடுகளில் ஆங்கிலமே பேச்சுமொழி ஆயிற்று.

மூளையில் நிகழ்வது

பிறந்த குழந்தையால் உலக மொழிகளின் ஒலி வேறுபாடுகள் பெரும்பாலானவற்றைப் பிரித்தறிய முடியும். ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகள் ஆறு மாதத்தில், இந்தியில் வரும் தகர டகர ஒலிகளை வேறுபடுத்தி அறிந்தன. ஒரு வயதை நெருங்கும்போது அத்திறன் பெரிதும் குறைந்துவிட்டது. கனடாவில் நடந்த இவ்வாய்வு 1984இல் வெளிவந்தது. பயன்படாத வேறுபாட்டை மூளை ஒதுக்கிவிடுகிறது எனலாம்.

ஐந்து வயதில் வேறு மொழிப் பள்ளியில் சேரும் பிள்ளை, தாய்மொழியை மறக்கிறது என்பதைவிட, அதைக் கற்பது நடுவழியில் நின்றுவிடுகிறது என்பதே பொருந்தும். சோறு, தண்ணீர், தூக்கம் போன்ற வீட்டுச் சொற்கள் நிற்கும். நாணம், மனக்கசப்பு, நியாயம் போன்றவற்றைச் சொல்லும் சொற்கள் வந்து சேர்வதில்லை. கேட்டுப் புரிந்துகொள்வது நீடிக்கும். பேசுவது முதலில் தளரும். இந்நிலையில் பேரன் பாட்டியிடம் பசியைச் சொல்லலாம். தன் கவலையைச் சொல்ல இயலாது. இழப்பின் கொடுமை இங்குதான் இருக்கிறது.

சுவடு எஞ்சுமா?

கொரியாவில் பிறந்து பிரான்சில் தத்தெடுக்கப்பட்டு வளர்ந்தவர்களை ஆராய்ந்தபோது, அவர்கள் மூளையில் கொரிய மொழியின் அடையாளம் எதுவும் தென்படவில்லை என 2003இல் அறிவிக்கப்பட்டது. ஆனால் 2014இல் வேறொரு முடிவு வந்தது. ஏறத்தாழ ஒரு வயதில் சீனாவிலிருந்து கனடா சென்று, பிரெஞ்சு மட்டுமே பேசி வளர்ந்த சிறுமியருக்குச் சீன மொழி ஒலிகளைக் கேட்கச் செய்தனர். பொருள் ஒன்றும் விளங்கவில்லை. எனினும் அவர்கள் மூளை, சீனம் அறிந்தவர் மூளையைப் போலவே இயங்கியது. ஆகவே, இளமையில் கேட்ட மொழி சில வேளைகளில் ஆழத்தில் தங்குகிறது.

காப்பது எது?

மலேசியாவுக்கும் தமிழர் தோட்டத் தொழிலாளராகவே சென்றனர். அங்கு 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன, தமிழும் வாழ்கிறது. தென்னாப்பிரிக்காவின் 1996ஆம் ஆண்டு அரசியலமைப்பு, போற்றி வளர்க்கவேண்டிய மொழிகளுள் தமிழையும் குறிப்பிடுகிறது. ஆயினும் வீட்டிற் பேசாத மொழியைச் சட்டம் மட்டும் மீட்டுத் தந்துவிடாது.

இரு மொழிகளைத் தாங்கும் ஆற்றல் குழந்தையின் மூளைக்கு உண்டு. ஆகவே வெளிநாட்டில் வாழும் பெற்றோர், பள்ளி மொழிக்கு அஞ்சித் தாய்மொழியைக் கைவிட வேண்டியதில்லை. நாள்தோறும் பேசுவதும், கதை சொல்வதும், படிக்கக் கற்பிப்பதும் போதும். உங்கள் உறவினர் எவரேனும் அயல்நாட்டில் இருந்தால், அடுத்த முறை தொலைபேசியில் அவர்களுடைய பிள்ளைகளிடம் தமிழிலேயே பேசிப் பாருங்கள்.