'பார்டர் சுகர்' நீரிழிவாக மாறாமல் தடுக்க ஒரு எஸ்எம்எஸ் போதுமா? சென்னை மருத்துவர்களின் ஆய்வு சொல்வது என்ன?

"சுகர் பார்டர்ல இருக்கு, கொஞ்சம் பார்த்துக்கோங்க." மருத்துவர் இப்படிச் சொன்னதும் முதல் வாரம் காலையில் வாக்கிங், சர்க்கரை போடாத காபி. இரண்டாவது வாரம் மழை. மூன்றாவது வாரம் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். அதோடு சரி!

பல வீடுகளில் நடக்கும் கதைதான் இது. அந்த அறிவுரையைக் கையில் இருக்கும் செல்போனே அவ்வப்போது நினைவுபடுத்தினால் என்ன ஆகும்? இதற்கான பதிலைச் சென்னை மருத்துவர்கள் ஏற்கனவே தேடிப் பார்த்திருக்கிறார்கள்.

*பார்டர் சுகர் என்றால் என்ன?*

75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடித்து, 2 மணி நேரம் கழித்து ரத்தப் பரிசோதனை செய்வார்கள். 100 மில்லி ரத்தத்தில் சர்க்கரை 140 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் பிரச்னை இல்லை. 200 அல்லது அதற்கு மேல் என்றால் நீரிழிவு. இடைப்பட்ட 140 முதல் 199 வரைதான் பார்டர்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் ஆதரவில் நடந்து 2023-ல் வெளியான ஆய்வின்படி, நாட்டில் 10.1 கோடி பேருக்கு நீரிழிவு இருக்கிறது. பார்டர் நிலையில் இருப்பவர்கள் அதைவிட அதிகம், 13.6 கோடி பேர். இந்தக் கட்டத்தில் வலியோ சோர்வோ பெரும்பாலும் தெரியாது. அதனால்தான் மருத்துவர் சொன்னது சீக்கிரமே மறந்து போகிறது. ஆனால் உணவு, உடற்பயிற்சி மூலம் இயல்பு நிலைக்குத் திரும்ப வாய்ப்புள்ள கட்டமும் இதுதான்.

*ஆய்வில் என்ன செய்தார்கள்?*

சென்னையைச் சேர்ந்த நீரிழிவு மருத்துவர் ஏ.ராமச்சந்திரன் தலைமையிலான குழு, லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்களுடன் சேர்ந்து இதை நடத்தியது. 8,741 பேரைப் பரிசோதித்து, பார்டர் நிலையில் இருந்த 537 ஆண்களைத் தேர்வு செய்தார்கள். வயது 35 முதல் 55 வரை.

எல்லோருக்கும் தொடக்கத்தில் உணவு, உடற்பயிற்சி பற்றிய ஆலோசனை வழங்கப்பட்டது. அதன்பிறகு 271 பேருக்கு மட்டும் எஸ்எம்எஸ் தொடர்ந்து சென்றது. 2009-ல் தொடங்கிய ஆய்வு என்பதால் ஸ்மார்ட்போன், ஆப் எதுவும் தேவைப்படவில்லை. சாதாரண பட்டன் போனே போதுமானதாக இருந்தது.

*கிடைத்த முடிவு என்ன?*

2 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, எஸ்எம்எஸ் வராத 266 பேரில் 73 பேருக்கு, அதாவது 27 சதவீதம் பேருக்கு நீரிழிவு வந்திருந்தது. எஸ்எம்எஸ் வந்த 271 பேரில் 50 பேருக்கு, அதாவது 18 சதவீதம் பேருக்குத்தான் வந்திருந்தது. 2013-ல் லான்செட் குழும மருத்துவ இதழில் இது வெளியானது.

*அப்போ எஸ்எம்எஸ் மட்டும் போதுமா?*

போதாது. இந்தியாவிலும் பிரிட்டனிலும் 2,062 பேரை வைத்து இதே முறையைப் பெரிய அளவில் சோதித்தார்கள். 2020-ல் வெளியான அந்த முடிவில், எஸ்எம்எஸ் வந்தவர்களுக்கும் வராதவர்களுக்கும் இடையே உறுதியாகச் சொல்லும் அளவுக்கு வித்தியாசம் இல்லை. இந்தமுறை ஆட்களைத் தேர்வு செய்தது ஹெச்பிஏ1சி என்ற வேறொரு ரத்தப் பரிசோதனையை வைத்து. ஆக, குறுஞ்செய்தி ஒரு துணைதான், மருந்து அல்ல. யாருக்கு, எந்த நிலையில் அனுப்புகிறோம் என்பதும் முக்கியம்.

*ஏற்கனவே நோய் இருப்பவர்களுக்கு?*

பிபி மாத்திரையைப் பாதியில் நிறுத்துவது பெரிய சிக்கல். இந்திய உயர் ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் இதற்காக 'சிம்பிள்' என்ற ஆப் பயன்படுத்தப்படுகிறது. நோயாளியின் பிபி அளவு, மாத்திரை, அடுத்து வரவேண்டிய தேதி ஆகியவற்றைச் செவிலியர் அதில் பதிவு செய்வார். தேதி தாண்டியும் வராதவர்களின் பட்டியலை ஆப் காட்டும். "ஏன் வரலைங்க? மாத்திரை இருக்கா?" என்று அவர்களுக்குப் போன் செய்து கேட்பார்கள்.

*எதை நம்பக் கூடாது?*

ஊசி குத்தாமலே சுகர் அளவைச் சொல்லும் என விற்கப்படும் ஸ்மார்ட்வாட்ச், மோதிரங்களை நம்ப வேண்டாம் என அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. தவறான அளவை நம்பி இன்சுலினைக் கூடுதலாகப் போட்டுக்கொண்டால் சில மணி நேரத்திலேயே மயக்கம், உயிராபத்து வரை போகலாம். போன் கேமராவில் விரலை வைத்தால் பிபி சொல்லும் என விற்கப்பட்ட ஒரு ஆப்பை அமெரிக்க ஆய்வாளர்கள் சோதித்தபோது, உயர் ரத்த அழுத்தம் இருந்தவர்களில் பெரும்பாலானோரை அது கண்டுபிடிக்கவே இல்லை. "இந்த கஷாயம் குடிங்க, மாத்திரையே வேண்டாம்" என்ற வாட்ஸ்அப் ஃபார்வர்டும் இதே ரகம்தான்.

*உங்கள் போனில் இன்றே செய்யக்கூடியவை*

• மாத்திரை நேரத்துக்கு அலாரம் வையுங்கள். மாத்திரையின் பெயரையே அலாரத்துக்குப் பெயராக வைக்கலாம்.

• மருந்துச் சீட்டு, ரத்தப் பரிசோதனை முடிவுகளைப் போட்டோ எடுத்துத் தனி ஃபோல்டரில் வையுங்கள்.

• வீட்டில் பிபி, சுகர் பார்த்தால் தேதியோடு குறித்து வைத்து, மருத்துவரிடம் காட்டுங்கள்.

• நேரில் போக முடியாத நாளில் மத்திய அரசின் இ-சஞ்சீவனி மூலம் வீடியோ காலில் மருத்துவரிடம் பேசலாம், கட்டணம் இல்லை. நெஞ்சுவலி, மயக்கம் என்றால் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

• அப்பா, அம்மாவுக்குப் போனில் இதெல்லாம் செய்யத் தெரியாதா? 10 நிமிடம் உட்கார்ந்து நீங்களே செட் பண்ணிக் கொடுங்கள்.

30 வயதைத் தாண்டியும் இதுவரை சுகர், பிபி பார்க்காதவர்கள் அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் பரிசோதித்துக்கொள்ளலாம்.