வந்துபோன பக்கமும் வைத்துக்கொண்ட பக்கமும்

போன நேரலை முடியும்போது ஒருவர் கேட்டார்: தேடுபொறி நம்மைத் தெரிந்துவைத்துக்கொண்டு விடை தருவது வாசகருக்கு நல்லதா? நான் ஜெர்மனியில் இருப்பதால் இங்குள்ள உதாரணங்களைக் கொண்டு பதில் சொல்லிப் பார்க்கிறேன்.

'பரணி' என்று தேடுகிறோம். சிற்றிலக்கிய வகை, நட்சத்திரம், ஆட்பெயர் எல்லாவற்றுக்கும் அது ஒரே சொல். கலிங்கத்துப்பரணி வாசிப்பவருக்கு முதலில் ஜாதகப் பக்கம் வந்தால் எரிச்சல்தான். ஆகவே, முன்பு என்ன படித்தார் என்று தேடுபொறி பார்ப்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் எதைப் பார்ப்பது? பக்கத்து வீட்டுக் குழந்தைக்காக நேற்று நட்சத்திரம் தேடியிருப்பேன். அது உலாவல் வரலாற்றில் ஏறிவிடும். பத்து வருஷமாக நான் காப்பாற்றி வரும் புக்மார்க்கும் ஒரு பதிவுதான். முன்னது கால்தடம், பின்னது தீர்மானம்.

கூகுள் 2009 டிசம்பரில், கணக்கில் நுழையாதவர்களுக்கும் 180 நாள் தேடல் தடத்தை வைத்து முடிவுகளை மாற்றியடுக்கத் தொடங்கியது. ஆளுக்கொரு உலகம் காட்டப்படுகிறது என்ற அச்சம் அப்போதே கிளம்பியது. அதை இங்கே 2017 நாடாளுமன்றத் தேர்தலுக்கு முன் சோதித்தார்கள். பெர்லினின் அல்காரிதம்வாட்ச் அமைப்பும், கைசர்ஸ்லாட்டர்னில் பேராசிரியர் கத்தரினா த்ஸ்வைக் குழுவும் சேர்ந்து செய்த வேலை. பெயர் 'டாட்டன்ஷ்பெண்ட', அதாவது தரவுக்கொடை. நாலாயிரத்துக்கும் அதிகமானோர் தங்கள் உலாவியில் ஒரு நீட்சியை நிறுவினார்கள். கட்சிகள், தலைவர்கள் என 16 பெயர்களை நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை அது தானே தேடி, வந்த முடிவுகளை அனுப்பியது. தலைவர்களின் பெயர்களுக்கு ஏறக்குறைய எல்லோருக்கும் ஒரே பட்டியல்தான் வந்தது. கட்சிப் பெயர்களுக்குக் கொஞ்சம் மாறியது, அதுவும் பெரும்பாலும் உள்ளூர்க் கிளைப் பக்கங்களால். ஊர்தான் பேசியது, வாசிப்பு பேசவில்லை.

இதனால் அச்சம் ஆதாரமற்றது என்று நான் சொல்லமாட்டேன். அடுத்தவர் திரையில் என்ன வருகிறது என்று அறிய நாலாயிரம் பேர் கூட வேண்டியிருந்தது, பாருங்கள்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வழக்கில் கார்ல்ஸ்ரூஹ அரசியல் சட்ட நீதிமன்றம் 1983 டிசம்பர் 15 அன்று தந்த தீர்ப்பும் இங்கே பொருந்தும். தன் நடத்தை குறித்துவைக்கப்படுகிறதோ என்ற ஐயம் உள்ளவர், கண்ணில் படாமல் நடக்கப் பார்ப்பார் என்றது அது. வாசகருக்கும் அதுதான். பதிவாகிறது என்று தெரிந்தால் சில சொற்களை நாம் தேடவே மாட்டோம். நோயின் பெயர், தடைசெய்யப்பட்ட புத்தகம், சண்டை போட்ட நண்பரின் கவிதை.

சரி, எதை வைத்துத் தேடல் நம்மை அறியலாம்? எனக்கு உடனே நினைவுக்கு வருவது சமூகவியலாளர் நிக்லாஸ் லூமனின் சீட்டுப்பெட்டி. அவர் 1998இல் இறந்தபோது ஏறத்தாழ 90,000 சீட்டுகள் இருந்தன. இப்போது பீலஃபெல்ட் பல்கலைக்கழகத்தின் வசம். படித்ததையெல்லாம் அவர் பெட்டியில் போடவில்லை. வேண்டியதைத் தன் சொற்களில் எழுதி, எண்ணிட்டு, வேறு சீட்டுகளோடு இணைத்தார். சொல்லகராதியில் ஒரு சொல்லுக்கு ஒரு சில எண்கள்தான். அந்த வாசல் வழியே நுழைந்தால் போதும், சீட்டு சீட்டாக இட்டுச் செல்லும். 1981இல் எழுதிய கட்டுரையில் பெட்டியை உரையாடல் துணை என்கிறார். துணை என்றால் நம்மை வியப்பில் ஆழ்த்தவும் வேண்டும். உலாவல் வரலாற்றை மட்டும் நம்பும் தேடலில் அந்த வியப்பு கிடைப்பது கடினம். நேற்றுப் பார்த்ததையே இன்றும் நீட்டும்.

என் யோசனை இது. புக்மார்க்குகள் முடிவுகளின் வரிசையை மாற்றட்டும், மாற்றிய இடத்தில் ஒரு குறியும் இருக்கட்டும். உலாவல் வரலாறு, எங்கோ பார்த்ததை மீண்டும் கண்டெடுக்க மட்டும், அதுவும் நாம் கேட்கும்போது. இரண்டும் நம் கணினியை விட்டு வெளியே போகவேண்டியதில்லை. ஃபயர்ஃபாக்ஸில் இதன் சிறு வடிவம் இப்போதே உண்டு: முகவரிப் பட்டையில் * குறியும் ஓர் இடைவெளியும் இட்டு 'பரணி' என்று தட்டினால் புக்மார்க்குகளுக்குள் மட்டும் தேடும். ^ இட்டால் வரலாற்றுக்குள்.