இசைத்தட்டுக் கடைகள் – 9: கல்லாவுக்குப் பின்னால் பிறந்த இசை

1979 ஆகஸ்ட் மாதம், லண்டனின் வால்தம்ஸ்டோ பகுதியில் இருந்த 'ஸ்மால் ஒண்டர்' என்ற சின்ன ரெக்கார்டு கடை தன் சொந்தப் பெயரில் ஒரு தட்டை வெளியிட்டது. பாடியவர்கள் நார்த்தாம்ப்டன் நகரத்தின் நான்கு இளைஞர்கள். குழுவின் பெயர் 'பௌஹாஸ்', பாட்டின் பெயர் 'பேலா லுகோசிஸ் டெட்'. 1931-இல் வந்த 'டிராகுலா' படத்தின் நாயகன் பேலா லுகோசியைப் பற்றிய பாட்டு அது. ஒன்பது நிமிடத்துக்கும் மேல் ஓடியது. இவ்வளவு நீளமான பாட்டை யார் கேட்பார்கள் என்று பல கம்பெனிகள் கைவிரித்துவிட்டன. கடைக்காரர் பீட் ஸ்டென்னெட் மட்டும் துணிந்தார். ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் அந்தத் தட்டு பிரிட்டனின் சுயாதீன இசைப் பட்டியலில் நின்றது. 'காத்' என்று உலகம் இன்று அழைக்கும் இசைக்கு அதையே முதல் தட்டு என்று ரசிகர்கள் கொண்டாடுகிறார்கள். அதற்கு முந்தைய ஆண்டு டிசம்பரில் 'தி க்யூர்' குழுவின் முதல் தட்டை வெளியிட்டதும் இதே கடைதான்.

காத் இசையில் பேஸ் கிதார் மெதுவாக, கனமாக நடக்கும். குரல் அடித்தொண்டையிலிருந்து வரும். இரவு, மரணம், தனிமை என்று பாட்டின் பொருள் இருக்கும். கேட்பவர்களும் தலை முதல் கால் வரை கறுப்பு உடுத்துவார்கள். இதன் பங்காளியான 'இண்டஸ்ட்ரியல்' இசை இன்னும் முரட்டுத்தனமானது. இரும்பை இரும்பில் அடிக்கும் ஓசை, வெட்டி ஒட்டிய டேப், சிந்தசைசரின் இரைச்சல் எல்லாம் அதில் தாளமாகும். கிண்டித் தொழிற்பேட்டையில் பிரஸ் மெஷின் ஓடும் பட்டறை வாசலில் நின்று கேட்டால் எப்படியிருக்குமோ, அப்படி. அந்தப் பெயரே ஒரு கம்பெனியிலிருந்து வந்தது. 1976-இல் லண்டனில் 'த்ராபிங் கிரிஸில்' குழுவினர் தங்கள் தட்டுகளைத் தாங்களே வெளியிட 'இண்டஸ்ட்ரியல் ரெக்கார்ட்ஸ்' என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள்.

அதே 1976-இல் மேற்கு லண்டனில் ஜெஃப் டிராவிஸ் 'ரஃப் டிரேட்' கடையைத் திறந்தார். இரண்டே ஆண்டுகளில் அது தட்டு வெளியிடும் நிறுவனமாகவும் வளர்ந்தது. யார்க், லிவர்பூல், பிரிஸ்டல் நகரங்களின் கடைகளோடு கைகோத்து 'கார்டெல்' என்ற விநியோகக் கூட்டணியையும் அது அமைத்தது. ஆயிரம் தட்டு அச்சிட்ட ஒரு கல்லூரிக் குழுவின் இசை, பெரிய கம்பெனியின் தயவு இல்லாமல் நாடு முழுக்கப் போய்ச் சேர்ந்தது இப்படித்தான்.

கடையே கம்பெனியான கதைகளில் மிகப் பெரியது அமெரிக்காவில் நடந்தது. ஜிம் நாஷ், டேனி ஃப்ளெஷர் இருவரும் தொழிலில் மட்டுமின்றி வாழ்க்கையிலும் துணைவர்கள். டென்வர் நகரத்தில் 'வாக்ஸ் டிராக்ஸ்' என்ற ரெக்கார்டு கடையை நடத்திவந்தவர்கள், 1978-இல் அதை விற்றுவிட்டு சிகாகோவின் லிங்கன் அவென்யூவில் அதே பெயரில் புதுக்கடை போட்டார்கள். அமெரிக்க ரேடியோவில் கேட்கக் கிடைக்காத ஐரோப்பிய இறக்குமதித் தட்டுகள் அங்கே கிடைத்தன. பள்ளியிலும் வீட்டிலும் ஒட்டாத பிள்ளைகளுக்கு அந்தக் கடை ஒரு புகலிடமாக இருந்தது. வாங்கக் காசில்லாதவர்களும் நின்று கேட்டார்கள்.

1981-இல் உள்ளூர் இளைஞர் அல் ஜோர்கென்சனின் 'மினிஸ்ட்ரி' குழுவுடைய முதல் தட்டை அந்தக் கடை வெளியிட்டது. பிறகு பெல்ஜியத்தின் 'ஃப்ரன்ட் 242', ஜெர்மனியின் 'கேஎம்எஃப்டிஎம்' ஆகியவையும் அமெரிக்காவுக்குள் இந்தக் கடை வழியாகவே நுழைந்தன. 1980-களின் இறுதியில், தட்டு உறையில் 'வாக்ஸ் டிராக்ஸ்' முத்திரை இருந்தால் போதும், உள்ளே யார் பாடியிருக்கிறார்கள் என்று பார்க்காமலேயே வாங்கும் கூட்டம் உருவாகியிருந்தது.

ஒரு கடைக்காரருக்கு இது எப்படிச் சாத்தியமாயிற்று? எந்தத் தட்டு வந்த அன்றே தீர்ந்தது, எதை மூன்று பேர் கேட்டும் கொடுக்க முடியவில்லை என்பது கல்லாவில் உட்கார்ந்திருப்பவருக்கு அன்றைக்கே தெரியும். கம்பெனி அதிகாரிக்கு அது கணக்குத்தாளாகப் போய்ச் சேரப் பல மாதம் ஆகும். உள்ளூர்ப் பையன்கள் தங்கள் கேசட்டை முதலில் நீட்டுவதும் கடைக்காரரிடம்தான். புதுத்தட்டைக் கடையில் ஓடவிட்டு, எத்தனை பேர் தலை திரும்புகிறது என்று அவரால் பார்க்க முடியும்.

பலவீனமும் அங்கேதான் இருந்தது. தட்டு அச்சிடும் ஆலைக்கு முன்பணம் கட்ட வேண்டும். விற்ற காசு விநியோகஸ்தரிடமிருந்து வரப் பல வாரங்கள் பிடிக்கும். ஒரு தட்டு திடீரென்று நன்றாக விற்றால், வரவு வருவதற்குள் அடுத்த பதிப்புக்குக் கடன் வாங்கியாக வேண்டும். வெற்றியே சின்ன நிறுவனத்தின் கழுத்தை இறுக்கும். நாஷும் ஃப்ளெஷரும் பெரும்பாலும் எழுத்தில் ஒப்பந்தம் போடாமல், கைகுலுக்கி நம்பிக்கையில் நடத்தியவர்கள். குழுக்கள் புகழ் பெற்றதும் பெரிய கம்பெனிகள் அழைத்துக்கொண்டன. 1992-இல் வாக்ஸ் டிராக்ஸ் திவாலானது. 1995-இல் நாஷும், 2010-இல் ஃப்ளெஷரும் இறந்தார்கள். நாஷின் மகள் ஜூலியா அந்தப் பெயரை மீட்டெடுத்து, 2018-இல் இந்தக் கதையை ஆவணப்படமாகவும் எடுத்தார். டென்வரில் அவர்கள் விற்றுவிட்டுப் போன பழைய கடை இன்றும் நடக்கிறது.

தமிழ் வாசகருக்கு இந்தக் கதையின் பாதி ஏற்கெனவே தெரிந்ததாகத் தோன்றினால் அதில் வியப்பில்லை. காரைக்குடியில் ஆவிச்சி செட்டியார் நடத்திய 'ஏவி அண்ட் சன்ஸ்' கடையில் கிராமபோன் தட்டுகள் விற்றன. கடையில் தந்தைக்குத் துணையாக இருந்த மகன் மெய்யப்பனுக்கு, அடுத்தவர் தயாரித்த தட்டை விற்பதோடு நிற்க மனமில்லை. 1930-களின் தொடக்கத்தில் சென்னைக்கு வந்து, நண்பர்களோடு மவுண்ட் ரோடில் 'சரஸ்வதி ஸ்டோர்ஸ்' தொடங்கினார். ஜெர்மனியின் ஓடியன் தட்டுகளுக்கு அது முகவரானது. தமிழில் தட்டுகளைப் பதிவுசெய்தும் வெளியிட்டது. பேசும் படம் வந்ததும் சினிமாவில் இறங்கினார். முதல் படம் 'அல்லி அர்ஜுனா' கையைச் சுட்டது. 1938-இல் வந்த 'நந்தகுமார்' ஜெயித்தது. அதில் ஒரு நடிகைக்காக லலிதா வெங்கட்ராமனைப் பாடவைத்தார் மெய்யப்பன். தமிழ்ப் படங்களில் பின்னணிக் குரல் அங்கே தொடங்கியதாகச் சினிமா வரலாறு எழுதியவர்கள் குறிக்கிறார்கள். முகம் தெரியாத குரலை மக்கள் காசு கொடுத்து வாங்குவார்கள் என்பது தட்டு விற்ற கைக்குத் தெரிந்திருந்தது. 1945-இல் ஏவிஎம் பிறந்தது.

சிகாகோவும் காரைக்குடியும் ஒரே உண்மையைக் காட்டுகின்றன. இசை அச்சாகி முடிந்து கடைசியாக வந்து சேரும் இடம் என்று கடையை நினைக்கிறோம். புது இசை தொடங்கும் இடமாகவும் அது பலமுறை இருந்திருக்கிறது.

நங்கநல்லூர், ஆதம்பாக்கம், மடிப்பாக்கம் போன்ற புறநகர்களில் பிள்ளைகளுக்கு 1980-களில் கடையில் புது இசையைக் கண்டுகொள்ளும் அனுபவத்தைக் கொடுத்தவை ரெக்கார்டிங் சென்டர்கள். வெற்று கேசட்டையும் பாட்டுகளை எழுதிய தாளையும் கொடுத்துவிட்டு வந்தால், சில நாளில் பதிந்து கிடைக்கும். 'ஏ' பக்கத்தின் கடைசியில் இரண்டு மூன்று நிமிடம் மிஞ்சினால், அங்கே எந்தப் பாட்டை வைப்பது என்பது கடைக்காரரின் ரசனை. இளையராஜாவைக் கேட்டு வந்தவனுக்கு போனி எம்மை அறிமுகம் செய்ததும் அந்த ரசனைதான். காப்புரிமைச் சட்டப்படி அது குற்றம், படைத்தவருக்கு ஒரு பைசாவும் போகவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனாலும் ஒரு தலைமுறையின் காது அங்கே பழகியது.

கைகாட்டிச் சொல்ல ஆளில்லாவிட்டால் நல்ல தட்டுக்கு என்ன ஆகும் என்பதற்கு இந்தியாவிலேயே சான்று உண்டு. மும்பைத் திரையிசைக் கலைஞர் சரண்ஜித் சிங், 1982-இல் ரோலண்ட் நிறுவனத்தின் மூன்று கருவிகளை மட்டும் வைத்துக்கொண்டு, பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் பதிவு செய்தார். எச்எம்வி வெளியிட்ட அந்தத் தட்டு சரியாக விற்கவில்லை. 2002-இல் டெல்லியில் பழைய தட்டு தேடிய நெதர்லாந்துக்காரர் எடோ பௌமன் கையில் அது சிக்கியது. 2010-இல் அவர் மறுவெளியீடு செய்தபோது, சிகாகோவில் பிறந்த 'ஆசிட் ஹவுஸ்' இசையை அதற்குச் சில ஆண்டுகள் முன்பே ஓர் இந்தியர் தொட்டுவிட்டாரே என்று இசை உலகம் திகைத்தது. சரண்ஜித் சிங்குக்கு அந்தப் பாராட்டு எழுபது வயதுக்குப் பிறகு கிடைத்தது.

தட்டுக்கு மறுபடி காலம் வந்திருக்கிறது. 2022-இல் அமெரிக்காவில் எல்.பி. தட்டுகள் 4.1 கோடி விற்றன. சி.டி.யோ 3.3 கோடிதான். 1987-க்குப் பிறகு எண்ணிக்கையில் தட்டு முந்தியது அப்போதுதான். ஆனால் இந்தியாவில், மும்பையின் பெருமையாக இருந்த 'ரிதம் ஹவுஸ்' கடை 2016-லேயே மூடிவிட்டது. சென்னையில் புது இசைக்குப் பஞ்சமில்லை. 2018 ஜனவரி 6-ஆம் தேதி கீழ்ப்பாக்கம் சி.எஸ்.ஐ. பெயின் பள்ளி மைதானத்தில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இசைக்குழு மேடையேறியபோது கானாவும் ராக்கும் ராப்பும் ஒன்றாக ஒலித்தன. அந்த இசையைப் போனில் கேட்கலாம். பறையிசை, கானா, கல்லூரிப் பிள்ளைகளின் மெட்டல் எல்லாவற்றையும் அடுக்கிவைத்து, "தம்பி, இதையும் கேட்டுட்டுப் போ" என்று ஒருவர் சொல்லும் கடை இந்த ஊருக்கு வேண்டும். எண்பது லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் நகரத்துக்கு இது பேராசை இல்லை.

அடுத்த வாரம்: பழவந்தாங்கலில் மின்சார ரயில் ஏறி பார்க் ஸ்டேஷனில் இறங்கினால், 1985 மே 30 வரை அங்கே மூர் மார்க்கெட் இருந்தது. தீயில் போன அந்தச் சந்தையின் தட்டுக் கடைகளைப் பற்றிப் பார்ப்போம்.

(தொடரும்)